சூரியனுக்கு முதுகைக் காட்டிப் பார்ப்போம்

உயர்தர பௌதிக விஞ்ஞானப் பிரிவு மாணவி, சம்பூர்

சம்பூர் என்ற பெயர் இப்போது சூரியனோடு சேர்த்தே பேசப்படுகிறது. 2025 ஏப்ரல் 5 ஆம் திகதி நமது ஜனாதிபதியும் இந்தியப் பிரதமரும் கொழும்பில் இருந்தபடியே சம்பூர் சூரிய மின் நிலையத்தின் வேலையைத் தொடக்கி வைத்தார்கள். நிலக்கரி மின் நிலையம் வரும் என்று ஒரு காலத்தில் சொல்லப்பட்ட எங்கள் ஊரில் இனிச் சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்கப் போகிறார்கள். நண்பகல் நேரத்தில் ஒரு சதுர மீற்றர் நிலத்தில் விழும் சூரிய ஒளியின் வலு ஏறத்தாழ 1000 வாற்று என்று எங்கள் பௌதிகவியல் பாடத்தில் படிக்கிறோம். மின்சாரம் எடுக்கும் அளவுக்கு வலுவுள்ள அதே ஒளிதான், நாம் அண்ணாந்து பார்த்தால் நம் கண்ணுக்குள்ளும் போகிறது. இந்தக் கட்டுரை அந்தக் கண்ணைப் பற்றியது.

சாதாரண நாளில் சூரியனை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. பார்த்தாலும் கண் கூசி, நீர் வழிந்து, இமை தானாக மூடிவிடும். கிரகண நாளில் மட்டும் ஊரே அண்ணாந்து பார்க்கிறது. அன்றைக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு 'கண்ணாடி' தயாராகிறது. பழைய எக்ஸ்ரே படம், கறுத்த பிலிம் துண்டு, விளக்குப் புகையில் கரி பிடிக்க வைத்த கண்ணாடி, சீடி, இரண்டு மூன்று கூலிங் கிளாஸ்கள் என்று கையில் கிடைப்பதெல்லாம் கண்ணுக்கு முன்னால் போகின்றன. இவற்றால் கண் கூசாது. கூசாததால் ஆபத்தும் இல்லை என்று நம்பிவிடுகிறோம். அந்த நம்பிக்கை ஏன் பிழையானது என்பதையும், கிரகணத்தைக் கண் கெடாமல் பார்க்க வழி என்ன என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

2019 டிசம்பர் 26

அன்று வந்தது வலயச் சூரிய கிரகணம். அதைக் கங்கண கிரகணம் என்றும் சொல்வார்கள். சந்திரன் சூரியனின் நடுவை மறைக்க, ஓரம் மட்டும் நெருப்பு வளையல் போல மிஞ்சி நிற்கும். சவூதி அரேபியாவில் தொடங்கிய அதன் பாதை கேரளம், கோயம்புத்தூர் வழியாக வந்து நமது நாட்டில் யாழ்ப்பாணத்தையும் திருகோணமலையையும் தொட்டு, சுமாத்திரா, சிங்கப்பூர் வழியாகச் சென்றது. இலங்கையில் காலை 8 மணி கழிந்து தொடங்கி 11 மணி கழிந்து முடிந்தது.

அந்தத் திகதியை நமது கரையோர மக்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. சுனாமி வந்து 15 வருடங்கள் நிறைந்த நாள் அது. நாடு முழுவதும் காலை 9.25 முதல் 9.27 வரை மௌனமாக நிற்கும் வழக்கப்படி நின்றோம். அது முடிந்து சில நிமிடங்களில் கிரகணம் உச்சத்துக்கு வந்தது. பள்ளிவாசலில் கிரகணத் தொழுகை நடந்தது. பாடசாலை விடுமுறைக் காலம் ஆகையால் பிள்ளைகள் எல்லோரும் தெருவில் நின்றார்கள். மாரி காலத்து மேகம் வேறு சூரியனை மறைத்தும் விட்டும் விளையாடியது.

எனக்கு அப்போது பத்து வயது, ஐந்தாம் தரம். என் சாச்சாவின் மகனுக்குப் பன்னிரண்டு வயது. உம்மம்மாவின் நெஞ்சு எக்ஸ்ரே படம் ஒன்று அலுமாரியில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு வேலிக்குப் பின்னால் போய் விட்டுவிட்டுப் பல தடவை பார்த்திருக்கிறான். "கண் கூசவே இல்ல, சந்திரன் கடிச்ச மாதிரி வடிவாத் தெரியுது" என்று வந்து சொன்னான். மறுநாள் காலையில் புத்தகத்தைத் திறந்தபோது, அவன் எந்த எழுத்தைப் பார்க்கிறானோ அந்த எழுத்து மட்டும் மங்கிக் கிடந்தது. அதற்கு அக்கம்பக்கத்து எழுத்துகள் நன்றாகத் தெரிந்தன. ஏசுவார்கள் என்ற பயத்தில் ஒரு கிழமை யாரிடமும் அவன் வாய் திறக்கவில்லை. படிக்கக் கள்ளம் செய்கிறான் என்று வீட்டில் நினைத்தார்கள். கடைசியில் கண் டொக்டரிடம் கூட்டிப் போனபோது, சூரிய ஒளியால் விழித்திரை பாதிக்கப்பட்டிருக்கிறது, இதற்கென்று மருந்தோ கண்ணாடியோ இல்லை, தானாகக் குறையும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்று சொன்னார். சில மாதங்களில் பெரும்பாலும் குறைந்துவிட்டது. ஆனால் வலது கண்ணில் ஒரு சின்னப் புள்ளி இன்றுவரை போகவில்லை. ஊசியில் நூல் கோர்க்கச் சொன்னால் முகத்தைச் சற்றுத் திருப்பிக்கொண்டுதான் கோர்ப்பான்.

கண்ணுக்குள் என்ன நடக்கிறது?

குவிவு வில்லையால் வெயிலைக் காகிதத்தில் குவித்து எரிய வைக்கும் பரிசோதனையை நாம் எல்லோரும் செய்திருக்கிறோம். நமது கண்ணிலும் அப்படி ஒரு வில்லை இருக்கிறது. காகிதம் இருக்கும் இடத்தில் விழித்திரை இருக்கிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெயிலில் நமது கண்மணி சுருங்கி ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் விட்டமுள்ள துளையாகிறது. அதன் வழியே போகும் ஒளி விழித்திரையில் சூரியனின் சிறு விம்பமாகக் குவிகிறது. அந்த விம்பத்தின் விட்டம் 0.16 மில்லிமீற்றர் அளவுதான். 2 மில்லிமீற்றர் வட்டத்தில் புகுந்த ஒளி 0.16 மில்லிமீற்றர் வட்டத்துக்குள் நெருக்கப்படுவதால், வழியில் கொஞ்சம் உறிஞ்சப்பட்டாலும், வெளியே வெயிலில் இருப்பதைவிட நூறு மடங்குக்கு மேற்பட்ட செறிவோடு அந்த ஒளி விழுகிறது. நாம் எதை உற்றுப் பார்க்கிறோமோ அதன் விம்பம் மஞ்சட்பொட்டின் மீதே விழும். எழுத்து வாசிப்பதும், குர்ஆன் ஓதுவதும், முகம் அடையாளம் காண்பதும், தையல் ஊசியைப் பார்ப்பதும் அந்தச் சிறு இடத்தால்தான். சூரியனை உற்றுப் பார்ப்பவர் கண்ணின் மிகப் பெறுமதியான இடத்தையே வெயிலில் காட்டுகிறார்.

இந்தப் பாதிப்பில் சூட்டின் பங்கைவிட இரசாயனத் தாக்கத்தின் பங்கு பெரிது. ஒளியின் நீல நிறப் பகுதியும், கண்ணுக்குத் தெரியாத ஊதாக் கடந்த கதிர்களும் விழித்திரைக் கலங்களில் நச்சுத் தாக்கங்களை ஏற்படுத்துகின்றன. சிவப்புக்குக் கீழே உள்ள, அதுவும் கண்ணுக்குத் தெரியாத, செந்நிறக் கீழ்க் கதிர்கள் சூட்டைக் கூட்டி அந்தக் கேட்டுக்குத் துணை போகின்றன. சிறுவர்களின் கண் வில்லை பெரியவர்களுடையதைவிடத் தெளிவானது. ஆகவே அவர்களின் விழித்திரைக்கு இந்தக் கதிர்கள் கூடுதலாகப் போகின்றன.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று இருக்கிறது. விழித்திரையில் வலி உணரும் நரம்பு கிடையாது. கை சுட்டால் உடனே இழுத்துக்கொள்கிறோம். விழித்திரை சுட்டால் நமக்குத் தெரியவே தெரியாது. சில மணித்தியாலங்கள் கழித்தோ அடுத்த நாளோதான் பார்வையின் நடுவில் மங்கல், நேர்கோடு வளைந்து தெரிதல், நிறம் மாறித் தெரிதல் போன்ற அடையாளங்கள் வெளிப்படும். பலருக்குச் சில மாதங்களில் குறையும். சிலருக்கு அப்படியே நிற்கும்.

மறைந்த சூரியன் ஏன் கூடுதல் ஆபத்து?

கிரகண நேரத்தில் சூரியனிலிருந்து புதிதாக ஏதோ நஞ்சு வருவதாகச் சிலர் நம்புகிறார்கள். அதனால் யன்னலை எல்லாம் மூடிக்கொண்டு, சமைத்த சாப்பாட்டையும் வெளியே கொட்டிவிடுகிறார்கள். அப்படி எதுவும் வருவதில்லை. நேற்று வந்த வெயில்தான் இன்றும் வருகிறது, அளவில் குறைவாக. மாறுவது நமது பழக்கம். நேற்று பார்க்காத சூரியனை இன்று பார்க்கிறோம்.

2019 இல் சந்திரன் சூரியனின் விட்டத்தில் ஏறத்தாழ 97 சதவீதத்தை மறைத்தது. பரப்பாகக் கணக்கிட்டால் 94 சதவீதம். மீதி 6 சதவீதம்தானே என்று நினைக்கக் கூடாது. சூரியன் பூரணச் சந்திரனைவிட ஏறத்தாழ 4 இலட்சம் மடங்கு பிரகாசமானது. அதில் 6 சதவீதம் என்றாலும் பூரணச் சந்திரனைப் போல இருபதாயிரம் மடங்குக்கு மேல் வரும். அத்துடன், மறையாமல் மிஞ்சிய அந்த வளையத்தின் ஒவ்வொரு புள்ளியும் முழுச் சூரியனின் புள்ளியைப் போலவே எரிகிறது. அந்தப் புள்ளி விழும் இடத்தில் விழித்திரைக்குச் சலுகை எதுவும் இல்லை. மொத்த வெளிச்சம் குறைவதால் கண் கூச்சமும் குறைந்து, கண்மணி சற்று விரிந்தும் விடுகிறது. காவல்காரனைத் தூங்க வைத்துவிட்டுக் கள்ளன் நுழைவதைப் போன்றது இது.

2017 ஆகஸ்ட் 21 இல் அமெரிக்காவில் கிரகணம் வந்தபோது, தகுந்த பாதுகாப்பு இல்லாமல் பார்த்த ஒரு இளம்பெண்ணின் கண்ணை நியூயோர்க் நகர மருத்துவர்கள் மிக நுணுக்கமான கருவியால் படம் பிடித்தார்கள். விழித்திரையில் பட்டிருந்த காயம் பிறை வடிவில் இருந்தது. அன்று வானில் சூரியன் நின்ற வடிவம் அவருடைய கண்ணுக்குள் பதிந்து போயிருந்தது.

வீட்டுக் 'கண்ணாடிகள்' ஒவ்வொன்றாக

நேரே சூரியனைப் பார்ப்பதற்கான கண்ணாடிக்குச் சர்வதேசத் தரம் ஒன்று இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 12312-2 என்பது அதன் இலக்கம். அதன்படி ஒளியில் 0.0032 சதவீதத்துக்கு மேல் உள்ளே விடக் கூடாது. அதாவது முப்பதாயிரத்தில் ஒரு பங்கு. அதோடு கண்ணுக்குத் தெரியாத கதிர்களையும் தடுக்க வேண்டும். இந்த இரண்டு நிபந்தனைகளையும் மனதில் வைத்துக்கொண்டு நமது வீட்டுப் பொருட்களைப் பார்ப்போம்.

கூலிங் கிளாஸ்: நல்ல கறுப்புக் கண்ணாடியும் 10 சதவீத ஒளியை உள்ளே விடும். அது அனுமதித்த அளவைப் போல 3000 மடங்கு. இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டால் 1 சதவீதம். அதுவும் 300 மடங்கு. மூன்று போட்டாலும் 30 மடங்கு.

எக்ஸ்ரே படம்: இதில் எலும்பு இருக்கும் இடம் வெளிறியும் மற்ற இடம் கறுத்தும் இருக்கும். வெளிறிய இடம் வெறும் பிளாத்திக்குத் தாள் போலத்தான். கை சற்று அசைந்தால் கறுப்பிலிருந்து வெளிறலுக்குப் போய்விடும். எந்த இடத்தில் எவ்வளவு கறுப்பு என்பதற்கு ஒரு கணக்கும் கிடையாது.

கலர் பிலிம் நெகடிவ்: இதன் கறுப்பு சாயத்தால் ஆனது. சாயம் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்துவிட்டுச் செந்நிறக் கீழ்க் கதிர்களைத் தாராளமாக விடுகிறது. இதை நீங்களே சோதிக்கலாம். தொலைக்காட்சி ரிமோட்டின் நுனியைக் கைத்தொலைபேசியின் முன் கமராவுக்குக் காட்டி ஒரு பொத்தானை அழுத்துங்கள். வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் திரையில் மின்னும். ரிமோட்டுக்கு முன்னால் நன்றாகக் கறுத்த கலர் பிலிம் துண்டைப் பிடித்துவிட்டு மறுபடி அழுத்துங்கள். வெளிச்சம் இன்னும் தெரியும். நமக்குக் கும்மிருட்டாகத் தெரியும் அந்தப் பிலிம், ரிமோட்டின் கதிருக்குத் திறந்த யன்னல். நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வருவதும் இதுதான். கண்ணுக்கு இருட்டாக இருப்பது ஒன்று, கண்ணுக்குப் பாதுகாப்பாக இருப்பது வேறொன்று.

புகை பிடித்த கண்ணாடி: கரி ஒரே சீராகப் படியாது. விரல் பட்டால் அழியும். அழிந்த கோடு வழியே நேரடிச் சூரியன் வரும்.

சீடி, பிஸ்கட் மற்றும் சிப்ஸ் உறையின் மினுங்கும் தாள்: இவற்றில் உள்ள அலுமினியப் பூச்சு ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு தடிப்பு. ஊசிமுனை அளவு துளைகளும் இருக்கும். இவை சூரியனைப் பார்க்கச் செய்யப்பட்டவை அல்ல.

வெல்டிங் கண்ணாடி: இதில் மட்டும் ஓர் உண்மை உண்டு. 12 ஆம் இலக்கம் அல்லது அதற்கு மேற்பட்ட கறுப்புள்ள வெல்டிங் கண்ணாடி போதுமானது. 14 ஆம் இலக்கம் பார்க்கச் சுகமானது. ஆனால் கராஜில் இரவல் வாங்கும் கண்ணாடி பெரும்பாலும் அதைவிடக் குறைந்த இலக்கமாகவே இருக்கும். இலக்கம் தெரியாத கண்ணாடியை இல்லாத கண்ணாடியாகவே கொள்ள வேண்டும்.

தண்ணீர்ப் பாத்திரம்: அகன்ற பாத்திரத்தில் மஞ்சளோ சாணியோ கரைத்த தண்ணீரை வைத்து அதில் தெரியும் சூரியனைப் பார்ப்பது நமது பக்கத்தில் பழைய வழக்கம். தண்ணீரின் மேற்பரப்பு, சூரியன் தலைக்கு மேல் நிற்கும்போது, 2 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். அது பாதுகாப்பான அளவைப் போல 600 மடங்கு. சூரியன் சாயச் சாய இது இன்னும் பல மடங்கு கூடும். மஞ்சள் கரைப்பதால் பாத்திரத்தின் அடி தெரியாமல் போகும், அவ்வளவுதான். சூரியனின் விம்பம் தண்ணீரின் மேற்பரப்பிலிருந்து வருவதால் உள்ளே எதைக் கரைத்தாலும் அது குறையாது.

தொலைநோக்கி, பைனாகுலர்: கிரகணக் கண்ணாடி போட்டுக்கொண்டும் இவற்றால் பார்க்கக் கூடாது. குவிந்து வரும் ஒளி அந்தக் கண்ணாடியையே பொசுக்கிவிட்டுக் கண்ணுக்குள் போகும்.

ஆயிரம் வருடங்களுக்கு முன்னரே சொன்னவர்கள்

இந்த எச்சரிக்கை நவீன விஞ்ஞானம் கண்டுபிடித்த புதுமை என்று எண்ண வேண்டாம். கி.பி. 973 இல் மத்திய ஆசியாவின் குவாரிஸ்ம் நாட்டில் பிறந்த அல்-பிரூனி, வானியலிலும் புவியியலிலும் பேரறிஞர். நகரங்களின் இட அமைவைக் கணிப்பது பற்றி எழுதிய நூலில் அவர் தமது சொந்த அனுபவத்தைப் பதிவு செய்திருக்கிறார். சூரியனை நேரே பார்த்தால் கண் தாங்காது என்றும், இளமையில் கிரகணங்களைப் பார்த்ததால் தமது பார்வை பலவீனமடைந்தது என்றும், தண்ணீரில் விம்பத்தைப் பார்ப்பது அதைவிட மேல் என்றும் எழுதியிருக்கிறார். தண்ணீரும் போதாது என்பதை மேலே கண்டோம். ஆனால் தமக்கு நேர்ந்த கேட்டை ஒளிக்காமல் எழுதி, பின்னால் வருபவர்களைக் காக்க நினைத்தாரே, அது பெரிய காரியம்.

ஐசாக் நியூட்டனும் இளவயதில் கண்ணாடியில் தெரிந்த சூரியனை உற்றுப் பார்த்துவிட்டு, கண்ணை விட்டு நீங்காத அந்த விம்பத்தைப் போக்க மூன்று நாட்கள் இருட்டறைக்குள் அடைந்து கிடந்திருக்கிறார்.

அல்-பிரூனியின் காலத்திலேயே வாழ்ந்தவர், பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-ஹைதம். ஒளியியலின் தந்தை என்று நாம் படிப்பவர். கிரகணத்தின் வடிவம் பற்றித் தனியாக ஒரு நூலே எழுதியிருக்கிறார். கிரகண நேரத்தில் சிறு துளை வழியே வரும் ஒளி எதிரே பிறை வடிவில் விழுவது ஏன், துளை பெரிதானால் அந்தப் பிறை ஏன் வட்டமாகிறது என்பதை அதில் ஆராய்ந்தார். கிரகணத்தைக் காண வானத்தை நோக்க வேண்டியதில்லை, துளை வழியே வரும் விம்பத்தைப் பார்த்தாலே போதும் என்பதற்கு அந்த ஆராய்ச்சியே அடிப்படை. நாம் இப்போது செய்யப் போவதும் அதுதான்.

நாமே செய்து பார்ப்போம்

விதி ஒன்றே ஒன்று: சூரியன் நமது முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும், விம்பம் நமக்கு முன்னால் விழ வேண்டும்.

முதல் முறை, ஊசித்துளை. ஒரு காட்போட் மட்டையின் நடுவில் சிறு சதுரம் வெட்டி, அதன்மேல் அலுமினியத் தாளை ஒட்டி, ஊசியால் 1 மில்லிமீற்றர் அளவில் ஒரே ஒரு துளை இடுங்கள். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, மட்டையைத் தோளுக்கு மேல் பிடியுங்கள். துளை வழியே வரும் ஒளியை முன்னால் உள்ள வெள்ளைத் தாளில் விழுத்துங்கள். விம்பத்தின் அளவுக்கு ஓர் எளிய கணக்கு இருக்கிறது. துளைக்கும் தாளுக்கும் இடையிலான தூரத்தை 108 ஆல் வகுத்தால் விம்பத்தின் விட்டம் வரும். 1 மீற்றர் தூரத்துக்கு 9 மில்லிமீற்றர், 2 மீற்றருக்கு 18 மில்லிமீற்றர். சப்பாத்துப் பெட்டியில் செய்தால் விம்பம் 3 மில்லிமீற்றர் கூட வராது. ஆகவே நீளமான பெட்டியாகத் தேடுங்கள். ஒரு கவனம்: துளையில் கண்ணை வைத்துச் சூரியனைப் பார்க்கக் கூடாது. ஊசித்துளைக் கமரா என்றதும் சின்னப் பிள்ளைகள் முதலில் செய்வது அதைத்தான்.

இரண்டாம் முறை, கண்ணாடித் துண்டு. பாடசாலைக்கு இதுவே மிக நல்லது. முகம் பார்க்கும் சிறு கண்ணாடியைத் தாளால் மூடி, நடுவில் 5 மில்லிமீற்றர் துளை மட்டும் விடுங்கள். அதை வெயிலில் ஒரு கதிரையில் அசையாமல் வைத்து, எதிரே இருட்டாக்கிய வகுப்பறையின் சுவரில் ஒளி விழும்படி திருப்புங்கள். சுவர் 10 மீற்றர் தூரத்தில் இருந்தால் 9 சென்ரிமீற்றர் அகலமான சூரியன் சுவரில் தெரியும். சந்திரன் கடிக்கத் தொடங்குவது முதல் விட்டுவிலகுவது வரை நாற்பது பேர் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கலாம். நியூட்டன் செய்ததைப் போலக் கண்ணாடிக்குள் யாரும் எட்டிப் பார்க்காமல் இருக்க, கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் நிற்க வேண்டும்.

மூன்றாம் முறைக்குச் செய்ய எதுவும் இல்லை. குசினியிலிருந்து அரிதட்டையோ நீத்துப்பெட்டியையோ எடுத்து வெயிலில் பிடித்தால், ஒவ்வொரு துளையும் நிலத்தில் ஒரு பிறையை விழுத்தும். வேப்பமர நிழலில் இலைகளின் இடைவெளிகளும் இதே வேலையைச் செய்யும். தகரக் கூரையின் ஆணித் துளையும், கிடுகு வேலியின் ஓட்டையும் அப்படித்தான். வீட்டுத் தரையில் நாம் தினமும் காணும் வட்ட வட்டமான வெயில் பொட்டுகள் உண்மையில் சூரியனின் விம்பங்கள். துளை எந்த வடிவமானாலும் பொட்டு வட்டமாக விழுவது அதனால்தான். கிரகண நாளில் அந்த வட்டங்கள் எல்லாம் பிறையாகிவிடும்.

நேரே பார்க்கத்தான் வேண்டும் என்றால், மேலே சொன்ன தர இலக்கம் உள்ள கிரகணக் கண்ணாடியை நம்பிக்கையான இடத்தில் வாங்க வேண்டும். அதைப் போட்டுக்கொண்டு அறைக்குள் பார்த்தால், மிகப் பிரகாசமான மின்குமிழைத் தவிர வேறு எதுவும் தெரியக் கூடாது. ஆனால் அது மட்டும் போதிய அத்தாட்சி ஆகாது. கீறலோ துளையோ மடிப்போ இருந்தால் எறிந்துவிட வேண்டும். குனிந்து போட்டுக்கொண்டு பிறகு நிமிர வேண்டும். கழற்றும்போது முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை

கிரகண நாளில் "மேல பாக்காதீங்க மகள்" என்று எல்லா உம்மாமாரும் சொல்கிறார்கள். பார்க்காதே என்று மட்டும் சொன்னால் பிள்ளை ஒளித்துப் பார்க்கும். இப்படிப் பார் என்று ஓர் அரிதட்டைக் கையில் கொடுத்தால் ஒளிக்க வேண்டிய தேவை வராது. பிள்ளையை வீட்டுக்குள் பூட்டி வைப்பதைவிட இது நல்ல காவல்.

கிரகணம் முடிந்த பிறகு இரண்டு மூன்று நாட்களுக்குப் பிள்ளைகளிடம் பார்வையைப் பற்றிக் கேளுங்கள். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மற்றக் கண்ணால் சதுரக் கோட்டுக் கொப்பியின் ஒரு தாளைப் பார்க்கச் சொல்லுங்கள். கோடு வளைந்தோ, நடுவில் அழிந்தோ தெரிகிறது என்றால் உடனே கண் வைத்தியரிடம் கூட்டிப் போக வேண்டும். அந்த நேரத்தில் ஏச வேண்டாம். என் சாச்சா மகன் ஒரு கிழமை வாய் திறக்காமல் இருந்தது கண் தெரியாததால் அல்ல, பயத்தால்.

இஸ்லாமிய வரலாற்றிலும் இதைப் போன்ற ஒரு நாள் இருக்கிறது. நபி (ஸல்) அவர்களின் சின்னஞ்சிறு மகன் இப்ராஹீம் மறைந்த அன்று சூரிய கிரகணம் ஏற்பட்டது. அந்த மரணத்துக்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டபோது, யாருடைய பிறப்புக்காகவோ இறப்புக்காகவோ கிரகணம் ஏற்படுவதில்லை, அவை இறைவனின் அத்தாட்சிகள் என்று நபியவர்கள் தெளிவுபடுத்தினார்கள், தொழுமாறு பணித்தார்கள். துயரம் நிறைந்த அந்த வேளையிலும் மூடநம்பிக்கைக்கு இடம் கொடுக்காத அந்த வழியில் வந்த நாம், கிரகணத்தைக் கண்டு பயந்து ஒளியவும் தேவையில்லை, கவனமில்லாமல் கண்ணைப் பறிகொடுக்கவும் தேவையில்லை.

அடுத்த கிரகணம்

2027 ஆகஸ்ட் 2 ஆம் திகதி ஒரு பெரிய முழுச் சூரிய கிரகணம் வருகிறது. ஸ்பெயின், எகிப்து வழியாகச் செல்லும் அதன் பாதையில் புனித மக்காவும் இருக்கிறது. அங்கே ஏறத்தாழ ஐந்து நிமிடங்கள் சூரியன் முழுதாக மறைந்திருக்கும். நமக்கு அது பகுதிக் கிரகணமாக, பிற்பகலில், சூரியன் மேற்கே சாயும் நேரத்தில் தெரியும். அதாவது சம்பூர்க் கரையில் நிற்பவருக்குக் கொட்டியாரக் குடாவின் பக்கம். சாயும் சூரியன் மஞ்சளாக, சாந்தமாகத் தெரியும். குடாவின் தண்ணீரிலும் அதன் ஒளி கண்ணைப் பறிக்கும். ஆசையைத் தூண்டும் காட்சி அது. ஆகவே ஆபத்தும் கூடுதல்.

அதன் பின் 2031 மே 21 இல் இன்னொரு வலயக் கிரகணம் தென்னிந்தியாவையும் வட இலங்கையையும் கடந்து செல்லும். அப்போது இன்று இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் நம்மில் பலர் ஆசிரியைகளாகவும் உம்மாமாராகவும் ஆகியிருப்போம்.

தோழிகளே, அதற்கு முன் இன்றே ஒரு வேலை செய்யலாம். ஒரு மட்டையும் ஓர் ஊசியும் எடுத்து, கிரகணம் இல்லாத சாதாரண வெயிலில் சூரியனின் விம்பத்தைத் தாளில் விழுத்திப் பாருங்கள். வீட்டில் உள்ள தம்பி தங்கைக்கும் காட்டுங்கள். அலுமாரியில் கிடக்கும் எக்ஸ்ரே படங்களைக் கட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். 2027 ஆகஸ்ட் 2 பிற்பகலில் நமது ஊரில் எல்லாப் பிள்ளைகளும் குடாவுக்கு முதுகைக் காட்டி, கையிலுள்ள தாளில் சூரியன் பிறையாவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.